அமெரிக்கச் சரக்குக்கு ஹவுஸ் பில் போடும் முன்: எஃப்.எம்.சி. உரிமமும் பாண்டும், படிப்படியாக

சென்னையிலோ தூத்துக்குடியிலோ இருக்கும் ஒரு ஃபார்வர்டிங் அலுவலகம் அமெரிக்காவுக்குச் சொந்த ஹவுஸ் பில் (கப்பல் கம்பெனியின் பெயரில் அல்லாமல் தன் பெயரிலேயே தரும் சரக்கு ஏற்றுச் சீட்டு) போடலாம் என்று முடிவு செய்தால், முதலில் கேட்கும் கேள்வி "பாண்டுக்கு எவ்வளவு ஆகும்?" என்பதுதான். பாண்ட் என்பது, உங்களால் யாருக்காவது நஷ்டம் வந்தால் ஈடு தருவதாக ஒரு நிறுவனம் எழுதித் தரும் பிணைப் பத்திரம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வரிசையில் அது மூன்றாவது. முதல் கேள்வி, நீங்கள் செய்யும் வேலைக்கு அமெரிக்கச் சட்டத்தில் என்ன பெயர் என்பது. இரண்டாவது, அந்த வேலையை எங்கிருந்து செய்கிறீர்கள் என்பது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் எந்தப் படிவம், எந்தத் தொகை, யார் கையெழுத்து எல்லாம் தானாக விழுந்துவிடும். பதில் தெரியாமல் பாண்ட் வாங்கப் போனால், தப்பான தொகைக்கு, தப்பான பெயரில் ஒரு காகிதம் கையில் இருக்கும்.

இந்தத் துறையைக் கவனிப்பது வாஷிங்டனில் இருக்கும் ஃபெடரல் மரிடைம் கமிஷன், சுருக்கமாக எஃப்.எம்.சி. அடிப்படைச் சட்டம் 1984-ஆம் ஆண்டின் ஷிப்பிங் சட்டம். 1998-இல் வந்த திருத்தச் சட்டம் 1999 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கப்பல் இல்லாமல் கப்பல் தொழில் செய்கிற இருவரை அது ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தது: கடல்வழிப் போக்குவரத்து இடைத்தரகர், அதாவது ஓ.டி.ஐ. அந்த இருவரில் ஒருவர் ஃப்ரெய்ட் ஃபார்வர்டர், இன்னொருவர் என்.வி.ஓ.சி.சி., அதாவது சொந்தக் கப்பல் இல்லாமலே சரக்குப் போக்குவரத்துக்குப் பொறுப்பேற்பவர். உரிமம், பாண்ட் பற்றிய விதிகள் முழுவதும் ஃபெடரல் விதித் தொகுப்பின் 46-ஆம் தலைப்பில் 515-ஆம் பகுதியில் இருக்கின்றன. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆலோசகர் ஒருவர் எதையாவது உறுதியாகச் சொன்னால், 515-இல் எந்தப் பிரிவு என்று கேளுங்கள்.

நீங்கள் யார் என்று முடிவு செய்யுங்கள்

நம் ஊரில் "ஃபார்வர்டர்" என்ற சொல் எல்லோருக்கும் பொருந்தும். புக்கிங் போடுபவர், கஸ்டம்ஸ் வேலை பார்ப்பவர், எல்.சி.எல். சரக்கை (தனியாக ஒரு கன்டெய்னரை நிரப்பாத சிறு சரக்குகளை) சேர்த்துக் கன்டெய்னர் நிரப்புபவர், எல்லோரும் ஃபார்வர்டர்தான். அமெரிக்கச் சட்டத்தில் அப்படி இல்லை. அங்கே ஃப்ரெய்ட் ஃபார்வர்டர் என்பவர், அமெரிக்காவில் இருந்துகொண்டு, அமெரிக்காவிலிருந்து வெளியே போகும் சரக்குக்காக, சரக்குக்காரரின் சார்பில் இடம் பிடித்துக் காகித வேலை செய்பவர். அவர் முகவர். சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு அவருடையதல்ல.

என்.வி.ஓ.சி.சி. அப்படியல்ல. அவரிடம் கப்பல் இல்லை, ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அவர் கப்பல் கம்பெனி மாதிரிதான். சரக்குக்காரருக்குத் தன் பெயரில் ஹவுஸ் பில் கொடுக்கிறார், சரக்குக்கும் பொறுப்பேற்கிறார். அதே சரக்குக்கு உண்மையான கப்பல் கம்பெனி தரும் மாஸ்டர் பில்லில் அவரே ஷிப்பர், அதாவது சரக்கு அனுப்புபவர். சரக்குக்காரருக்கு அவர் கேரியர், கப்பல் கம்பெனிக்கு அவர் வாடிக்கையாளர்.

ஆகவே திருப்பூர் ஏற்றுமதியாளருக்காக நீங்கள் புக்கிங் போட்டு, கப்பல் கம்பெனியின் பில் நேரடியாக ஏற்றுமதியாளர் பெயரிலேயே வந்தால், எஃப்.எம்.சி.யிடம் உங்களுக்கு வேலை இல்லை. அமெரிக்கச் சட்டம் சொல்லும் ஃபார்வர்டர்கூட நீங்கள் இல்லை, ஏனென்றால் நீங்கள் அமெரிக்காவில் இல்லை. ஆனால் அதே சரக்குக்கு உங்கள் லெட்டர்ஹெட்டில் ஹவுஸ் பில் அடித்துக் கொடுத்த நிமிடம் நீங்கள் என்.வி.ஓ.சி.சி. சரக்கு கொழும்பில் கப்பல் மாறுகிறது, நான் தூத்துக்குடி முதல் கொழும்பு வரைதான் என்றெல்லாம் சொல்லித் தப்பிக்க முடியாது. உங்கள் பில்லில் சேருமிடம் நியூயார்க் என்று இருந்தால் அது அமெரிக்க வர்த்தகம்தான். எல்.சி.எல். சரக்கை இன்னொரு பெரிய கன்சாலிடேட்டரிடம் கொடுத்துவிடுகிறேன் என்றாலும் அதே கதை. பில் உங்களுடையது என்றால் பொறுப்பும் உங்களுடையதுதான்.

சொந்தச் சரக்கைத் தானே அனுப்பிக்கொள்ளும் ஏற்றுமதியாளருக்கு இந்த உரிமம் எதுவும் தேவையில்லை.

இங்கே ஒரு இடைவழி இருக்கிறது. அதைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. அமெரிக்காவில் உரிமம் பெற்ற என்.வி.ஓ.சி.சி. ஒருவருக்கு நீங்கள் இந்திய முகவராக இருந்து, அவருடைய ஹவுஸ் பில்லை, "இன்னாரின் முகவராக" என்று தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். அப்போது கேரியர் அவர், நீங்கள் அல்ல. உரிமம், பாண்ட், டாரிஃப் (வெளியிட வேண்டிய கட்டணப் பட்டியலும் விதிகளும்) எல்லாம் அவர் தலையில். மாதம் நாலைந்து கன்டெய்னர் மட்டும் அமெரிக்காவுக்குப் போகிறதென்றால், என்னைக் கேட்டால் இதுதான் புத்திசாலித்தனம். சொந்தப் பெயரில் பில் போடுவதில் ஒரு கௌரவம் இருப்பது உண்மை. அந்தக் கௌரவத்தின் விலை என்னவென்று கீழே வருகிறது.

மூன்று கதவுகள்

சரி, சொந்த பில்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். வழி மூன்று.

அமெரிக்காவில் கம்பெனி வைத்திருப்பவர் உரிமம் எடுத்தே ஆக வேண்டும். ஃபார்வர்டராக மட்டும் என்றால் பாண்ட் 50,000 டாலர், என்.வி.ஓ.சி.சி. என்றால் 75,000. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டுக்கும் தனித்தனியாகப் பொறுப்புக் காட்ட வேண்டும். ஒவ்வொரு கிளை அலுவலகத்துக்கும் கூடுதலாக 10,000 டாலர் என்று முன்பு ஒரு விதி இருந்தது. 2015-இல் வந்த திருத்தம் அதை எடுத்துவிட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அந்தக் கணக்கைச் சேர்க்காதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் என்.வி.ஓ.சி.சி.க்கு இரண்டு தேர்வு. உரிமம் இல்லாமல் வெறும் பதிவு மட்டும் செய்துகொள்ளலாம். அதற்கு பாண்ட் 150,000 டாலர். அல்லது அமெரிக்காவில் ஓர் அலுவலகம் திறந்து, அந்த மாநிலத்தில் தொழில் செய்யத் தகுதி பெற்று, உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். அப்போது பாண்ட் 75,000 டாலர்தான்.

பாதிப் பணம்தானே, உரிமமே எடுத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் உரிமத்துக்குத் தகுதியாளர் வேண்டும், பின்னணிச் சோதனை உண்டு, அமெரிக்க அலுவலகத்தின் வாடகையும் வரியும் உண்டு. பதிவுக்கு இதெல்லாம் இல்லை. எஃப்.எம்.சி.-65 படிவம், பாண்ட், டாரிஃப், அமெரிக்காவில் சட்ட அறிவிப்புகளை வாங்கிக்கொள்ள ஒரு முகவர், இவ்வளவுதான். பதிவு மூன்று ஆண்டு செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு: இப்படிப் பதிவு மட்டும் பெற்றவருக்கு அமெரிக்க மண்ணில் ஓ.டி.ஐ. வேலை செய்து தருபவர் உரிமம் பெற்ற ஓ.டி.ஐ.யாக இருக்க வேண்டும். நியூ ஜெர்சியில் இருக்கும் மைத்துனரின் கிடங்கை "நம்ம யு.எஸ். ஆபீஸ்" என்று காட்டிச் சமாளிக்க முடியாது.

தகுதியாளர்: உரிமத்தின் முதுகெலும்பு

உரிம வழியில் போகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். எஃப்.எம்.சி. உரிமம் கம்பெனிக்குத் தரப்படுகிறது, ஆனால் ஒரு மனிதரைப் பார்த்துத் தரப்படுகிறது. அவரைத் தகுதியாளர் என்று சொல்லலாம், தொழிலில் க்யூ.ஐ. என்பார்கள். அவருக்கு ஓ.டி.ஐ. வேலையில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும், அதுவும் அமெரிக்காவில் பெற்றதாக. வெளிநாட்டு என்.வி.ஓ.சி.சி. உரிமம் கேட்டால் மட்டும் இதில் தளர்வு உண்டு: அனுபவம் வெளிநாட்டில் கிடைத்ததாக இருக்கலாம், ஆனால் அமெரிக்கக் கடல் வர்த்தகச் சரக்குகளைக் கையாண்டதாக இருக்க வேண்டும். சென்னையில் பத்து வருடம் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் மட்டும் பில் போட்டவருடைய அனுபவம் இந்தக் கணக்கில் வராது.

அனுபவம் மட்டும் போதாது. அவர் கம்பெனியில் உண்மையாகவே வேலை பார்க்கும் அதிகாரியாகவோ, பங்காளியாகவோ, எல்.எல்.சி.யாக (அமெரிக்காவின் ஒருவகைக் கம்பெனி அமைப்பு) இருந்தால் நிர்வாகியாகவோ உறுப்பினராகவோ இருக்க வேண்டும். ஓய்வு பெற்ற ஒருவருடைய பெயரை மாதச் சம்பளத்துக்கு வாடகைக்கு எடுக்கும் ஏற்பாடு இங்கே செல்லாது. ஒரு கம்பெனியின் தகுதியாளர் இன்னொரு கம்பெனிக்கும் தகுதியாளராக இருக்க முடியாது. இரண்டுக்கும் ஒரே உரிமையாளர் என்றாலோ, ஒன்று மற்றொன்றின் கட்டுப்பாட்டில் இருந்தாலோ மட்டும் விதிவிலக்கு.

உரிம விண்ணப்பமான எஃப்.எம்.சி.-18 படிவத்தில் இவருடைய வேலை வரலாற்றை எழுதும்போது "லாஜிஸ்டிக்ஸ் மேனேஜர், 2016 முதல் 2021 வரை" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். புக்கிங் போட்டாரா, ஹவுஸ் பில் தயாரித்தாரா, சரக்கு சேர்த்தாரா, கட்டணம் பேசினாரா, எந்தத் துறைமுகங்களுக்கு என்று எழுதுங்கள். கிடங்கு மேலாளரும் டிரக்கிங் மேலாளரும் லாஜிஸ்டிக்ஸ் மேனேஜர்தான், ஆனால் அது ஓ.டி.ஐ. அனுபவம் அல்ல. அனுபவத்தை உறுதி செய்யக்கூடியவர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். எஃப்.எம்.சி. அவர்களைத் தொடர்புகொள்ளும்போது "யாரு? ஓ, அவரா, ஞாபகம் இல்லையே" என்று பதில் வந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

விண்ணப்பம்

இது ஆன்லைனில் நடக்கிறது. கட்டணம் அவ்வப்போது மாறுவதால் விண்ணப்பிக்கும் நாளில் எஃப்.எம்.சி. தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் பதிவுச் சான்று, உரிமையாளர்கள், அதிகாரிகள், தகுதியாளர், வேறு பெயரில் வியாபாரம் செய்தால் அந்தப் பெயர்கள், பழைய வழக்கு, திவால், தண்டனை விவரங்கள் எல்லாம் கேட்கப்படும். பழைய தப்பு ஒன்று இருந்தால் மறைக்காதீர்கள். ஒப்புக்கொண்ட தப்பை விளக்கிவிடலாம். மறைத்தது வெளியே வந்தால் அது குணநலன் பற்றிய கேள்வியாகிவிடும், ஏனென்றால் சட்டம் அனுபவத்தோடு சேர்த்துக் கேட்பது "தேவையான நற்குணம்".

உரிமம் கைக்கு வரும் வரை அந்தப் பெயரில் பில் போடக் கூடாது. "அப்ளை பண்ணியாச்சு சார்" என்பது உரிமம் அல்ல.

ஒப்புதல் தகவல் வந்த பிறகுதான் பாண்டைத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு 120 நாள் கெடு. தாண்டினால் விண்ணப்பம் செல்லாமல் போய்விடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆகவே பாண்ட் கொடுக்கும் ஷ்யூரிட்டி கம்பெனியோடு பேச்சை விண்ணப்பம் போட்ட வாரமே தொடங்கிவிடுங்கள். பணம் கட்டுவதை மட்டும் ஒப்புதல் வரை தள்ளி வையுங்கள்.

பாண்ட் காப்பீடு அல்ல

காப்பீடு எடுத்தால் நஷ்டம் வரும்போது காப்பீட்டு நிறுவனம் உங்களுக்குப் பணம் கொடுக்கும். பாண்டில் ஷ்யூரிட்டி கம்பெனி உங்களால் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுக்கும், அப்புறம் அதே பணத்தை உங்களிடம் வசூலிக்க வரும். நம் ஊர் வழக்கில் சொன்னால் ஜாமீன் கையெழுத்து. ஜாமீன் போட்டவர் கடனைக் கட்டிவிட்டு, கடன்காரரைச் சும்மா விடுவாரா?

அதனால்தான் பாண்டோடு ஓர் இழப்பீட்டு ஒப்பந்தம் வரும். கம்பெனி மட்டுமல்ல, உரிமையாளர்களும் தனிப்பட்ட முறையில், சில சமயம் வாழ்க்கைத் துணையோடு சேர்ந்து, கையெழுத்துப் போடச் சொல்வார்கள். இதுதான் முன்னே சொன்ன கௌரவத்தின் விலை. ஆண்டு பிரீமியம் பாண்ட் தொகையில் ஒரு சிறு பகுதிதான், அதைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று நினைத்துக் கையெழுத்திடுகிறவர்கள் அந்த ஒப்பந்தத்தைப் படிப்பதில்லை. படியுங்கள். வெளிநாட்டு நிறுவனத்துக்கு அமெரிக்காவில் கடன் வரலாறு இருக்காது என்பதால் பிரீமியத்தோடு ரொக்கப் பிணை அல்லது வங்கியின் லெட்டர் ஆஃப் கிரெடிட் (வங்கி பணம் தருவதாகச் சொல்லும் உறுதிப் பத்திரம்) கேட்பதும் உண்டு. 150,000 டாலருக்கு முழுப் பிணை கேட்டால் உங்கள் நடைமுறை மூலதனத்தில் அது எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பாண்டுக்கான படிவம் எஃப்.எம்.சி.-48. பாண்ட் கொடுக்கும் நிறுவனம் அமெரிக்க நிதித்துறை அங்கீகரித்த ஷ்யூரிட்டி நிறுவனங்களின் பட்டியலில் இருக்க வேண்டும். இந்திய வங்கியின் பேங்க் கியாரண்டியை எடுத்துக்கொண்டு போனால் வேலைக்காகாது. பாண்டுக்குப் பதிலாகக் காப்பீடு, உத்தரவாதம், சங்கங்கள் வழியான குழு பாண்ட் ஆகியவற்றுக்கும் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் நடைமுறையில் பெரும்பாலோர் போவது தனி பாண்டுக்குத்தான்.

இந்தப் பணம் எதற்கெல்லாம் போகும்? போக்குவரத்து தொடர்பான வேலையில் உங்களால் ஏற்பட்ட நஷ்டத்துக்கு நீதிமன்றம் தரும் தீர்ப்புத் தொகை, எஃப்.எம்.சி. உத்தரவிடும் இழப்பீடு, எஃப்.எம்.சி. விதிக்கும் அபராதம் ஆகிய மூன்றுக்கும். சரக்குக்காரரிடம் கடல் கட்டணத்தை வாங்கி வைத்துக்கொண்டு கப்பல் கம்பெனிக்குக் கட்டாமல் விட்டால், சரக்கு துறைமுகத்தில் சிக்கிக்கொள்ளும். இந்த ஏற்பாடு கண் முன்னே வைத்திருப்பது அந்த மாதிரி நிலைமையைத்தான். உரிமை கோருபவர் முதலில் உங்களிடமும் ஷ்யூரிட்டியிடமும் தீர்த்துக்கொள்ளப் பார்ப்பார். 45 நாளில் தீராவிட்டால் நீதிமன்றம் போகலாம்.

ஒரு சின்ன விஷயம், பெரிய தலைவலி: பாண்டில் உள்ள பெயர் உரிமத்தில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். "பிரைவேட் லிமிடெட்" ஓரிடத்தில் முழுதாகவும் இன்னோரிடத்தில் சுருக்கமாகவும் இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். வியாபாரப் பெயர் தனியாக இருந்தால் அதையும் பாண்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு குழப்பம்: அமெரிக்கச் சுங்கத்துறைக்கும் பாண்டுகள் உண்டு. இறக்குமதியாளர் பாண்ட், முன்கூட்டிச் சரக்கு விவரம் தாக்கல் செய்பவருக்கான பாண்ட் என்று அது தனி உலகம். "எங்க கிட்ட பாண்ட் இருக்கே" என்று யாராவது சொன்னால் எந்த பாண்ட் என்று கேளுங்கள். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

டாரிஃப் இல்லாமல் என்.வி.ஓ.சி.சி. இல்லை

ஃபார்வர்டருக்கு இது கிடையாது, என்.வி.ஓ.சி.சி.க்கு உண்டு. கட்டணங்களையும் விதிகளையும், உங்கள் பில்லின் மாதிரியையும் மின்னணு முறையில் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று எஃப்.எம்.சி.-1 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். டாரிஃப் வெளியீட்டை வேலையாகவே செய்து தரும் நிறுவனங்கள் உண்டு, அவர்களிடம் விட்டுவிடுவது நல்லது.

வெளியிட்ட கட்டணத்தை ஏற்றினால் 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். இறக்கினால் உடனே. தினமும் ரேட் மாறும் தொழிலில் இது பெரும் தொல்லையாக இருந்தது. 2011 முதல் ஒரு வழி இருக்கிறது: சரக்கு கைக்கு வருவதற்கு முன்பே வாடிக்கையாளரோடு எழுத்தில் கட்டணத்தை ஒப்புக்கொண்டால், அந்தக் கட்டணத்தை டாரிஃப்பில் வெளியிடத் தேவையில்லை. தொழிலில் இதை என்.ஆர்.ஏ. என்பார்கள். விதிகள் அடங்கிய டாரிஃப் மட்டும் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்க வேண்டும், என்.ஆர்.ஏ. ஆவணங்களை ஐந்து ஆண்டு பாதுகாக்க வேண்டும். வாட்ஸ்ஆப்பில் "ஓகே சார்" என்று வந்த செய்தியை நம்பி இருக்காதீர்கள். கட்டணம், துறைமுகங்கள், சரக்கு, தேதி எல்லாம் ஓரிடத்தில் இருக்கும் மின்னஞ்சலாவது கையில் இருக்கட்டும்.

வாங்கிய பிறகு

உரிமமும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. முன்பு இந்தப் புதுப்பிப்பு கிடையாது, 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்தது. உரிம எண் லெட்டர்ஹெட்டிலும் பில்களிலும் இருக்க வேண்டும். கம்பெனியின் பெயரையோ அமைப்பையோ மாற்றுவதென்றால் முன்அனுமதி வாங்க வேண்டும். முகவரி மாறினால் 30 நாளுக்குள் தெரிவித்தால் போதும். தகுதியாளர் வேலையை விட்டுப் போனாலும் அதே 30 நாள்தான், ஆனால் அவருடைய இடத்துக்குத் தகுதியுள்ள இன்னொருவரைக் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே இரண்டாவதாக ஒருவரை முன்பே தயார் செய்து வைத்திருக்கும் கம்பெனி நிம்மதியாகத் தூங்கும்.

பாண்ட் விஷயத்தில் கவனிக்க வேண்டியது பிரீமியம் கட்டும் தேதி. ஷ்யூரிட்டி கம்பெனி 30 நாள் அறிவிப்பு கொடுத்து பாண்டை ரத்து செய்யலாம். பாண்ட் போனால் உரிமமும் போகும். பதிவு மட்டும் செய்தவருக்கும் இதேதான். இந்த அறிவிப்பு பழைய முகவரிக்கோ, வேலையை விட்டுப்போனவரின் மின்னஞ்சலுக்கோ போய்ச் சேர்ந்தால் உங்களுக்குத் தெரியும் முன்பே கப்பல் கம்பெனிக்குத் தெரிந்துவிடும். ஏனென்றால் டாரிஃப்பும் பாண்டும் இல்லாத என்.வி.ஓ.சி.சி.யிடம் தெரிந்தே சரக்கு வாங்கக் கூடாது என்று கப்பல் கம்பெனிக்கும் சட்டம் தடை போட்டிருக்கிறது. எஃப்.எம்.சி. தளத்தில் உள்ள பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் பலர் புக்கிங் உறுதி செய்கிறார்கள். நீங்களும் ஒரு புதுக் கூட்டாளியோடு வேலை தொடங்கும் முன் அதே பட்டியலில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள்.

கடைசியாக இந்தியப் பக்கம். அமெரிக்கப் பதிவு வாங்கிவிட்டால் இங்குள்ள கடமை தீர்ந்துவிடாது. வாசலிலிருந்து வாசல் வரை ஒரே ஆவணத்தில் பலவகைப் போக்குவரத்தை ஏற்பவர் 1993-ஆம் ஆண்டின் பலவகைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்து இயக்குநர் தலைமையகத்தில் எம்.டி.ஓ. (பலவகைப் போக்குவரத்து நடத்துநர்) பதிவு பெற வேண்டும். ஏற்கெனவே இந்தத் தொழிலில் இருப்பவரிடம் அது கேட்பது குறைந்தது 50 லட்சம் ரூபாய் ஆண்டு விற்றுமுதலும், வேறு இரண்டு நாடுகளிலாவது அலுவலகமோ முகவரோ இருப்பதும். அமெரிக்காவில் ஏற்கெனவே முகவர் பிடித்துவிட்டீர்கள் என்றால் அந்த இரண்டில் ஒரு நாடு கணக்கில் வந்துவிடும்.